பைக்குள் பதிந்த பாவாடை மடிப்பு

இடுப்புக்குக் கீழே, பின்பக்கம், எனக்குத் தோல் உரிந்து போனதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கூச்சப்படுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நானும் கூச்சப்பட்டவள்தான். அதனால்தான் அவ்வளவு உரிந்தது.

என் பெயர் பிலோமினா. ஊர் கரிக்கலாம்பாக்கம். வீட்டுக்காரர் அந்தோணிசாமி. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல், அதுதான் பிழைப்பு. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்து எனக்குத் திரும்பவும் இரத்தம் பட்டது. உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன், வெந்தயம் ஊறவைத்துத் தின்றேன். நான்கு மாதம் இப்படியே ஓட்டினேன். கரும்பில் காய்ந்த சோகை உரிக்கும்போது நிற்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்த அன்றுதான் வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே சதை கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் காத்திருந்தோம். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், பக்கத்துச் சதைக்கும் பரவியிருக்கிறது என்று வந்தது.

பெரிய டாக்டர் நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர். எழுதிக்கொண்டே பேசினார்.

"ஆபரேஷன் வேணாம்மா. இருபத்தஞ்சு நாள் ரேடியேஷன். வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. அது முடிஞ்சு உள்ளே வெச்சு ரேடியேஷன். ஆனா ஒண்ணு, நடுவுல விடக் கூடாது. இடைவெளி விட்டா மிச்சம் இருக்கற நோய் திரும்பத் தலைதூக்கும். மழை, கல்யாணம், சாவு, எதுவா இருந்தாலும் வந்துடணும்."

நான் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நடுவில் விடக் கூடாது.

எங்கள் பக்கம் இதைக் கரண்டு வைப்பது என்று சொல்வார்கள். கரண்டும் இல்லை, சூடும் இல்லை. படுக்க வைத்து, ஒரு பெரிய மெஷின் சுற்றி வரும். எனக்கு முன்னால் இருந்து, பின்னால் இருந்து, இரண்டு பக்கவாட்டில் இருந்து என்று நான்கு திசையில் கதிர் விட்டார்கள். நாலும் உள்ளே ஒரே இடத்தில் போய்ச் சேர வேண்டும். அதனால் தினமும் ஒரே மாதிரி, ஒரு நூல்கூட நகராமல் படுக்க வேண்டும். அதற்காக முதலில் ஒரு நாள் கூப்பிட்டு அளவு எடுப்பார்கள். வினை அந்த நாளில்தான் தொடங்கியது.

துணி மாற்ற ஒரு மூலையில் திரை கட்டியிருந்தார்கள். பாதி வளையம் பிய்ந்து தொங்கியது. உள்ளே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இந்த அங்கியைப் போட்டுக்கொண்டு வாங்க என்று ஒரு பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். முன்பக்கம் நாடா, பாதி நாடா இல்லை. வெளியே ஸ்கேன் ரூமில் இரண்டு ஆண்கள் நின்றார்கள். ஒருவருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. நான் புடவையைக் கழற்றினேன், ரவிக்கையைக் கழற்றினேன். பாவாடையைக் கழற்றவில்லை. அதன் மேலேயே அங்கியைப் போட்டுக்கொண்டு போனேன்.

"உள்ள துணி எதுவும் இல்லல்லமா?" என்று அந்தப் பையன் கேட்டான்.

"இல்ல."

பலகையில் ஒரு பெரிய பை விரித்திருந்தது. தலையணை மாதிரி, உள்ளே குருணை குருணையாக ஏதோ உருண்டைகள். அதன் மேல் படுத்தேன். இடுப்பு எலும்பில் மையால் புள்ளி வைக்க அங்கியை விலக்கச் சொன்னான். நான் பாவாடை நாடாவை அவிழ்த்து முன்பக்கத்தைத் தொடை வரைக்கும் தள்ளிவிட்டேன். பின்பக்கத் துணி முழுவதும் சுருண்டு எனக்கு அடியில் போனது. அவன் பார்த்தான். அவன் பார்த்ததை நானும் பார்த்தேன். அவன் முகத்தைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் வெட்கம். பாவம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு நினைத்தால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு அறை கொடுக்கலாம் போலிருக்கிறது.

பிறகு அந்தப் பையில் இருந்த காற்றை மெஷின் வைத்து உறிஞ்சினார்கள். பை என் உடம்பைச் சுற்றி இறுகிக் கல் மாதிரி ஆகிவிட்டது. என் முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் அதில் அச்சாகப் பதிந்தது. சுருண்ட பாவாடையும் சேர்ந்துதான் பதிந்தது. பையில் என் பெயரை எழுதி அலமாரியில் வைத்தார்கள். இருபத்தைந்து நாளும் அதில்தான் படுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நான் வேறு பாவாடை கட்டிக்கொண்டு போனேன், மெல்லிசு. படுத்தால், மேலே விழும் வெளிச்சக் கோட்டோடு மைப்புள்ளி சேரவில்லை. இப்படி நகர்த்து, அப்படி நகர்த்து என்று மூன்று தடவை இழுத்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அளவு எடுத்த நாளில் கட்டியிருந்த அதே தடித்த பச்சைப் பாவாடைதான். கொல்லை வேலைக்குக் கட்டுவது. சாயந்திரம் துவைத்துக் காயப்போடுவேன், காலையில் கட்டுவேன். ஐப்பசி மழை. பாதி நாள் அது காயவே இல்லை. ஈரப் பாவாடையோடு பஸ் ஏறிப் போவேன், அப்படியே படுப்பேன். புள்ளி சரியாகச் சேரும், அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி என்றால் காத்திருப்பதுதான். ஒன்பது மணிக்கு வரச்சொல்லி பதினொன்றுக்குக் கூப்பிடுவார்கள். அதற்குள் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும், அப்போதுதான் குடல் மேலே தள்ளி நிற்குமாம். தண்ணீர் குடித்து முடித்ததும் மெஷின் ரிப்பேர் என்பார்கள். போய்விட்டு வந்ததும் உங்கள் முறை என்பார்கள். அந்த வராந்தாவில்தான் அஞ்சலை எனக்குப் பழக்கம். காட்டேரிக்குப்பத்துக்காரி, கூலி வேலை, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவளுக்கும் இதே நோய். உடம்பில் இரத்தம் குறைவு, அது ஏறினால்தான் கரண்டு என்று சொல்லி இரத்தம் ஏற்றி ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரத்தம் ஏறினால் காய்ச்சல் வரும். காய்ச்சல் போனால் இரத்தம் இறங்கிவிடும்.

"உள்ள இன்னா பண்றாங்க பிலோமினா? துணிய அவுக்கச் சொல்றாங்களாமே?"

"சொல்லுவாங்க. நான் பாவாடைய கழட்டல."

"நல்ல காரியம் பண்ண. என் புருசன் செத்து இருவது வருசம். இப்ப போயி எவன் முன்னாடியோ அவுத்துப் போட்டுகினு படுக்கணுமா? நானும் மாட்டன்."

நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இதை மறைக்க முடியாது.

மூன்றாவது வாரம் பின்பக்கம் எரிய ஆரம்பித்தது. முதலில் வெயிலில் காய்ந்த மாதிரி. பிறகு கறுத்தது. பிறகு உட்கார்ந்த இடத்தில் துணி ஒட்டிக்கொண்டது. மடிப்பு பதிகிற இடத்தில், குறுக்காக ஒரு பட்டை மாதிரி, தோல் கழன்று நீர் வடிந்தது. கீமோவால் சாப்பாடு வேறு இறங்கவில்லை. கஞ்சி வாசனையே ஆகவில்லை. குப்புறப் படுத்துத்தான் தூங்கினேன். வீட்டுக்காரர் விசிறியை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அந்த மனிதர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததில்லை. இப்போது புண்ணுக்கு விசிறினார். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் உட்கார முடியாது. ஊரிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவேன். அவருக்கு மனசு கேட்காது.

"ஏம்பா தம்பி, கொஞ்சம் எந்திரி. ஒடம்பு முடியாதவங்க நிக்கறாங்க இல்ல?"

"யோவ், நான் சீட்டு கேட்டனா? உக்கார முடிஞ்சா நான் ஏன் நிக்கறன்?"

"சத்தம் போடாத, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். குண்டி வெந்து போச்சுன்னு சொல்லு."

எழுந்த பையன் திரும்ப உட்காரவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல், தவளக்குப்பத்திலேயே இறங்கிவிட்டான்.

பதினாறாம் நாள் டாக்டர் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறியது.

"சோப்பு போட்டீங்களா? எண்ணெய் தடவினீங்களா? சுடுதண்ணி ஊத்தினீங்களா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எப்படிம்மா இப்படி ஆகும்? சொன்னா கேக்கறதில்ல. ரெண்டு வாரம் நிறுத்திட்டு, ஆறினதுக்கு அப்புறம் பாக்கலாம்."

நான் விடவில்லை. பயமா கோபமா என்று தெரியவில்லை.

"நீங்கதான சார் சொன்னீங்க, நடுவுல வுட்டா நோய் தலைதூக்கும்னு? இப்ப நீங்களே ரெண்டு வாரம் வுடறீங்க. அதுக்குள்ள அது வளந்துட்டா யாரு பொறுப்பு? முன்னாடியும்தான் கரண்டு வெக்கறீங்க, முன்னாடி தோலு நல்லாத்தான இருக்குது? பின்னாடி மட்டும் ஏன் இப்படி? அதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நியாயமான கேள்விதான்" என்று சொல்லி ரம்யா என்ற பெண்ணைக் கூப்பிட்டார். அவள் டாக்டர் இல்லை. கதிர் எந்தப் பக்கம் எவ்வளவு போக வேண்டும் என்று கணக்குப் போடுகிறவள். ஒல்லியான பெண், கண்ணாடி போட்டவள்.

நிறுத்துவதா வேண்டாமா என்று மறுநாள் சொல்கிறோம் என்றார்கள். மறுநாள் அவள் என் வயிற்றில் ஒரு சின்னத் துண்டு, பின்பக்கம் ஒரு சின்னத் துண்டு, ஃபிலிம் மாதிரி ஒட்டினாள். அவள் வெளியே போனதும் அதன் மேல் பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டேன். தோலில் எவ்வளவு கதிர் விழுகிறது என்று அது காட்டுமாம். கதிர் வைத்து முடித்ததும் பிய்த்துக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டு போனாள். பின்பக்கத் துண்டு முன்பக்கத்தைவிட நன்றாகக் கறுத்திருந்தது, எனக்கே தெரிந்தது.

பிறகு தன் அறைக்குக் கூப்பிட்டாள். உட்காருங்க என்றாள். முடியாது என்றேன். அவளும் எழுந்து நின்றுகொண்டாள். அந்தப் பெண் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

"அம்மா, நாங்க விடற கதிர் தோல்ல பட்ட உடனே முழு வேகம் புடிக்காது. ஸ்டாப்புலேந்து கெளம்பற பஸ் மாதிரி. ஒரு விரல் அகலம் உள்ள போனாத்தான் முழு வேகம். அதனாலதான் தோல் தப்பிக்குது. முன்பக்கம் உங்களுக்கு ஒண்ணும் ஆகாததுக்கு அதான் காரணம். ஆனா பின்பக்கம் நீங்க பலகை மேல, பை மேல படுக்கறீங்க. கதிர் அதையெல்லாம் தாண்டி வரும்போதே வேகம் எடுத்துடும். உங்க தோல்கிட்ட வரும்போது ஓடற பஸ்ஸா வருது. புரியுதா?"

"புரியுது. அப்ப இங்க படுக்கற எல்லாருக்கும் இப்படி ஆவணும் இல்ல?"

"கொஞ்சம் கறுக்கும். இவ்ளோ ஆகாது. அதான் எனக்கும் புரியல."

கம்ப்யூட்டரில் என் ஸ்கேனைக் காட்டினாள். உடம்பு வெள்ளையும் சாம்பலுமாகத் தெரிந்தது. அடியில் பலகைக் கோடு. அதற்கும் என் உடம்புக்கும் நடுவில் நெளிநெளியாக ஏதோ, கசக்கிய காகிதம் மாதிரி.

"இது இன்னான்னு உங்களுக்குத் தெரியுமாம்மா? பையிலயும் அந்த எடத்துல ஒரு பள்ளம் இருக்குது. நான் கை வெச்சுப் பாத்தன்."

எனக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். பாவாடை இல்லாமல் அந்தப் பையில் படுத்தால் அளவு சேராது. திரும்ப ஸ்கேன், திரும்பக் கணக்கு, அத்தனை நாளும் கரண்டு இல்லை. சொல்லாவிட்டால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, திரும்ப அதே பாவாடை, அதே பை, திரும்ப வேகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நோய்க்குத்தான் லாபம். என் உயிரை நானே ஒரு பாவாடைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கிறேன்.

"பாவாடை" என்றேன். "நடுவுல ஒரு நாள் தவிர, பதினேழு நாளா அதேதான். ஈரமா இருந்தாலும் அதேதான்."

அவள் திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா?"

அங்கேதான் எனக்குப் பொங்கியது.

"ஏம்மாவா? திரையில வளையம் இல்ல. அங்கியில நாடா இல்ல. உள்ள ரெண்டு ஆம்பள. நான் இல்லன்னு பொய் சொன்னது தப்புதான். அந்தத் தம்பி பாத்துட்டு மூஞ்ச திருப்பிகிச்சு, அது தப்பில்லையா? இந்த ஸ்கேன்ல இது முதல் நாள்லேந்து இருக்குது, நீ ஏன் கேக்கல? படிச்சவதான நீ? ஒரு பொம்பளைய ரூம்ல நிக்க வெச்சு, ஒரு போர்வைய குடுத்திருந்தா நானே கழட்டியிருப்பன்."

கத்தி முடித்த பிறகு அழுகை வந்துவிட்டது. நின்றுகொண்டே அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரம்யா ஸ்கேனைத் திரும்பப் பார்த்தாள்.

"கேட்டிருக்கணும்மா" என்றாள். "உடம்புக்கு வெளிய இருக்கறதுன்னு விட்டுட்டோம். பலகையையும் பையையும்கூட கணக்குல சரியா சேக்கல. என் தப்புதான்."

ஆஸ்பத்திரியில் ஒருவர் என் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

அன்று சாயந்திரமே புது ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்றாள். போர்வைக்கு அடியில் எல்லாவற்றையும் கழற்றினேன். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தப் பையன் கதவுக்கு வெளியே நின்று, நர்ஸ் கூப்பிட்டதும்தான் உள்ளே வந்தான். இந்தத் தடவை இடுப்புக்கு அடியில் பை கிடையாது. முட்டிக்கும் காலுக்கும் மட்டும் தாங்கல். ஒரே ஒரு மெல்லிய விரிப்பு, சுருக்கம் இல்லாமல் இழுத்துப் போட்டார்கள். பலகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பின்பக்கத்திலிருந்து வருவதைக் குறைத்து மற்றப் பக்கங்களில் கூட்டினார்கள். இரண்டு வாரம் நிறுத்துகிற பேச்சை டாக்டர் விட்டுவிட்டார், ஆனாலும் இதற்கெல்லாம் வேலை நாள் நான்கு போனது.

அந்த நான்கு நாளும் வீட்டில், உள்ளே அது வளர்கிறதா என்று வயிற்றைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல், கொடியில் கிடந்த பச்சைப் பாவாடையை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் கொல்லையில் புகை.

"யோவ், இன்னா பண்ற?"

"கொளுத்திட்டன்."

"நல்ல துணிய்யா அது. கொல்லைக்குக் கட்டியிருப்பன்."

"கட்டுவ, கட்டுவ."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் புண் இழுத்து வலித்தது.

ஐந்தாம் நாளிலிருந்து மீதி நாட்களும் வைத்தார்கள், ஒரு நாளும் விடாமல். புண் உடனே ஆறவில்லை. ஆனால் பரவவில்லை. மருந்து போட்ட மெல்லிய துணியையும் மெஷினுக்குப் போகும் முன் எடுத்துவிட வேண்டும், ஈரத் துணியும் தோலுக்கு மேல் இன்னொரு தோல் மாதிரிதான் என்று ரம்யா சொல்லியிருந்தாள். தினமும் நானே நர்ஸிடம், எடுத்தாச்சா பார் என்று கேட்பேன். விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. பிறகு உள்ளே வைக்கும் கதிர்வீச்சு, மூன்று தடவை. அதைப் பற்றி இன்னொரு தடவை எழுதுமளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை. மயக்க மருந்து கொடுப்பார்கள், அது போதும். எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்த டாக்டர், இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். அந்த நான்கு நாளால் ஏதாவது கெடுதல் உண்டா என்று கேட்டேன். இருந்தால் காலம் போகப் போகத்தான் தெரியும், மாதா மாதம் வாங்க என்றார். பொய் சொல்லாமல் விட்டாரே, அதுவே பெரிசு.

ஆனால் நான் சொல்லி முடிக்க வேண்டியது, உள் கதிர்வீச்சு மூன்றாவது தடவை முடிந்த மறு வாரத்தில் ஒரு நாள். மருந்து வாங்கப் போயிருந்தேன். வராந்தாவில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாக இரத்தம் ஏறி, அன்றைக்குத்தான் அவளுக்கு அளவு எடுக்கிறார்கள். திரைக்கு வளையம் போட்டிருந்தார்கள், எண்ணிப் பார்த்தேன். நர்ஸ் ஒருத்தி பட்டியலோடு நின்றாள்.

"யக்கா, பாவாடைய கழட்டிடு."

"நீதானடி கழட்டாதன்னு சொன்ன?"

"நான் சொன்னது தப்பு. வெந்து போவும். என்னப் பாத்த இல்ல, மாசக்கணக்கா நின்னுகினு இருந்தன்."

"நீ இன்னா டாக்டராட்டம் பேசற. ஆம்பளைங்க இருப்பாங்க."

"இருப்பாங்க. நர்ஸும் இருக்கும். போர்வ குடுப்பாங்க, குடுக்கலன்னா கேளு. கேட்டும் குடுக்கலன்னா என்ன கூப்புடு, இங்கயே இருக்கறன்."

அதற்குள் அஞ்சலையின் பெயரைக் கூப்பிட்டார்கள். திரைக்குப் பின்னால் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. கழற்றவே மாட்டாள், வீட்டுக்குப் போகிறேன் என்று வந்து நிற்பாள் என்று நினைத்தேன். பிறகு திரை விலகியது. கழுத்திலிருந்து கால் வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு, முகம் சிவந்து வந்தாள். வராந்தாவில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கையில் இருந்ததை என்னிடம் நீட்டினாள். சாயம் போன நீலப் பாவாடை.

"இத புடி. தொலைச்ச, கொன்னுடுவன்."

உள்ளே போய்விட்டாள். பெஞ்சில் இடம் இருந்தது. மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். வலித்தது, ஆனால் உட்கார முடிந்தது. பாவாடையைச் சுருட்டிப் பையில் ஒளிக்கவில்லை. நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். எதிர் பெஞ்சில் இருந்த ஆண்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று, அவள் வெளியே வரும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.